மெழுகுவர்த்தி மெழுகை வீட்டில் சேமித்து வைப்பது: வாங்கிய நாள் முதல் உருக்கும் நாள் வரை

மதுரையில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. அதற்கு மேல் மொட்டைமாடிதான். மெழுகுவர்த்தி செய்ய ஆரம்பித்த முதல் வருடம், 25 கிலோ சோயா மெழுகுப் பெட்டி ஒன்றை ஏப்ரலில் படுக்கையறைப் பரணில் ஏற்றி வைத்தேன். கத்திரி வெயில் நடுவில் ஓர் ஆர்டருக்காக இறக்கிப் பார்த்தால், அவல் மாதிரி உதிரியாக வந்த செதில்கள் ஒரே கட்டியாக உறைந்திருந்தன. பெட்டியின் நான்கு மூலைகளும் அப்படியே அச்சாகப் பதிந்திருந்தன. அடி அட்டையில் எண்ணெய் ஊறி, பலகாரம் வைத்த பேப்பர் மாதிரிக் கறுத்திருந்தது. கத்தியை அழுத்தி அழுத்தி அறுத்து எடுக்கவே அரை நாள் ஆனது.

அந்த மெழுகு வீணாகவில்லை. உருக்கினால் உருகியது, ஊற்றினால் உறைந்தது. ஆனால் பெட்டியின் அடிப்பகுதியிலிருந்து வந்த மெழுகில் ஊற்றிய வர்த்திகள் மட்டும் சரியாக எரியவில்லை. சுடர் சிறுத்து, ஒரு மணி நேரத்தில் அணைந்தது. ஒன்றை உடைத்துப் பார்த்தபோது திரியின் அடியில் பழுப்பு நிறத்தில் மயிரிழை மயிரிழையாக ஏதோ இருந்தது. பெட்டியின் அட்டை நார்.

மெழுகு கெட்டுப்போகாது என்று விற்பவர்கள் சொல்வார்கள். பாரஃபினுக்கு அது பெரும்பாலும் சரிதான். ஆனால் மெழுகு கெடாமல் இருப்பது வேறு, அந்த மெழுகில் செய்த வர்த்தி ஒழுங்காக எரிவது வேறு. சுடரின் சூட்டில் உருகிய மெழுகை, பருத்தித் திரி தன் நூலிழைகளுக்கு நடுவிலுள்ள நுண்ணிய இடைவெளி வழியாக மேலே உறிஞ்சுகிறது. அந்த இடைவெளியை அடைக்க ஒரு சிட்டிகை தூசி போதும். ஒரு துளி தண்ணீர் இருந்தால் சுடர் படபடவென்று வெடிக்கும். திரி, வாசனை, ஊற்றும் சூடு என்று எவ்வளவோ பேசுகிறோம். அடுப்பில் வைக்கும் முன்பே, அலமாரியிலேயே, பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பதுதான் என் அனுபவம்.

கையில் இருப்பது எந்த மெழுகு?

இதைத் தெரிந்துகொள்ளாமல் இடம் தேடாதீர்கள். ஒவ்வொரு மெழுகுக்கும் ஒவ்வொரு குணம்.

பாரஃபின் கச்சா எண்ணெயிலிருந்து வருவது. நம் நாட்டில் சென்னை மணலி ஆலையிலும் அசாமின் நுமாலிகர் ஆலையிலும் தயாராகிறது. பலகை பலகையாக வரும். கடையில் 58–60, 60–62 என்று சொல்லித் தருவார்கள். அந்த எண்கள் உருகும் டிகிரி செல்சியஸ். முழுவதும் சுத்திகரித்த வகையில் எண்ணெய் பொதுவாக 0.5 சதவீதத்துக்குள் இருக்கும். விலை குறைந்த அரைச் சுத்திகரிப்பு வகையில் இன்னும் கூடுதல். வெயில் நாளில் பலகையின் மேல் விரலை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறதா? அந்த எண்ணெய்தான் வெளியே கசிகிறது.

சோயா மெழுகு அடிப்படையில் சமையல் எண்ணெய்தான். சோயா எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கியிருக்கிறார்கள். கண்ணாடிக் குவளையில் ஊற்றும் வகைகள் பெரும்பாலும் 46 முதல் 54 டிகிரிக்குள் உருகும். 40 டிகிரியிலேயே செதில்கள் இளகி ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கிவிடும். எண்ணெய் என்பதால் நாள்பட்டால் சிக்கு வாடை வரவும் வாய்ப்புண்டு. தயாரிப்பாளர் போட்டிருக்கும் தேதிக்குள், பொதுவாக ஒன்று இரண்டு வருடத்துக்குள், முடித்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் கலந்த மெழுகு இதைவிடவும் இளகல். அதில் சில வகைகள் 40 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். ஏசி இல்லாத வீட்டில் கோடைக்கு அதை வாங்கி அடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

தேன்மெழுகு 62–64 டிகிரி வரை தாங்கும். எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்கும். எகிப்தின் பழங்கால அடக்கங்களில் கிடைத்த தேன்மெழுகை இன்றைக்கும் தேன்மெழுகு என்று அடையாளம் காண முடிகிறது. சில மாதம் வைத்திருந்தால் மேலே சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெள்ளைப் படலம் வரும். பூஞ்சை என்று பயந்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மெழுகின் இளகிய பகுதி மேலே வந்து பூப்பது அது. மெல்லிய துணியால் துடைத்தால் போகும். ஹேர் டிரையரின் இளஞ்சூட்டைக் காட்டினாலும் மறைந்துவிடும்.

ஜெல் மெழுகு மினரல் ஆயிலில் பாலிமர் கலந்தது. கண்ணாடி மாதிரி தெளிவாக இருப்பதுதான் அதன் அழகு என்பதால் தூசிதான் அதற்குப் பெரிய எதிரி. வந்த டப்பாவிலேயே இறுக மூடி வையுங்கள், போதும்.

இடத்தைத் தெர்மாமீட்டர் சொல்லட்டும்

வீட்டில் எந்த இடம் குளிர்ச்சி என்று நமக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறோம். அளந்து பார்த்தால் வேறாக இருக்கும். அறை வெப்பம் காட்டும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, மெழுகு வைக்க நினைக்கும் இடத்தில் மூன்று நாள் வையுங்கள். மத்தியானம் 3 மணிக்கும் இரவு 9 மணிக்கும் பார்த்து எழுதுங்கள். இரவு ஏன் என்றால், கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரிதான் உள்ளே விடும். சூடான காற்றும் மேலே போய்த்தான் தேங்கும். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரண் வீட்டிலேயே மோசமான இடம் என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது. மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரி அடுத்த மோசம். தகரக் கூரை, சிமென்ட் ஷீட் போட்ட கொட்டகை என்றால் சோயாவை நினைத்தே பார்க்க வேண்டாம்.

30 டிகிரிக்குள் இருந்தால் எல்லா மெழுகுக்கும் நல்லது. 35 வரை சோயா சமாளிக்கும். அதற்கு மேல் போகும் இடத்தில் பாரஃபின் பலகை, தேன்மெழுகு இவற்றை மட்டும் வையுங்கள்.

எங்கள் வீட்டில் கடைசியில் தேர்வானது வடக்குப் பார்த்த அறையில் கட்டிலுக்கு அடியில். பரணோடு ஒப்பிட்டால் மே மாத மத்தியானத்தில் 5 டிகிரி குறைவு. ஆனால் எதையும் வெறும் தரையில் வைக்காதீர்கள். வீடு துடைக்கும் தண்ணீர் அட்டையில் ஏறும், மழைக்காலத்தில் தரையே கசியும். இரண்டு செங்கல், மேலே ஒரு பலகை, அதன் மேல் டப்பா. சுவரிலிருந்தும் நான்கு விரல் தள்ளி வையுங்கள்.

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். குளிர்ந்த மெழுகை வெளியே எடுத்ததும், மோர் டம்ளர் வியர்ப்பது போல அதன் மேல் ஈரம் படியும். அந்த ஈரம் அப்படியே உருக்கும் பாத்திரத்துக்குள் போகும். மெழுகு தண்ணீரை உறிஞ்சாது என்பது உண்மைதான். உள்ளே போகாவிட்டாலும், மேலே ஒட்டிய தண்ணீரும் தண்ணீர்தானே.

எதில் போடுவது

வந்த அட்டைப்பெட்டியை நம்பி இருக்காதீர்கள். என் நார்ப் பிரச்சினையைச் சொன்னேன். அது போக, எலி ஒரே ராத்திரியில் அட்டையைக் குடைந்துவிடும். சோயா மெழுகு அதற்குத் தீனி. பாரஃபினையும் கொறித்துத் துகளாக்கிப் போடும். புழுக்கை விழுந்த மெழுகை நான் யாருக்கும் விற்கமாட்டேன், நீங்களும் விற்காதீர்கள்.

செதில், உருண்டை வகைகளுக்கு அரிசி போட்டு வைக்கும் எவர்சில்வர் டிரம்மைப் போல வசதியானது எதுவும் இல்லை. எலி தொட முடியாது, தூசி போகாது, கழுவிக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். அந்த விலைக்கு முடியாது என்றால், 20 லிட்டர் பிளாஸ்டிக் பக்கெட் இறுக்கமான மூடியோடு போதும். பெயிண்ட் வந்த பக்கெட் வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் அதன் வாடை மெழுகில் ஏறும். மளிகைக் கடையில் கிடைக்கும் காலி எண்ணெய்த் தகர டின்னும் பரவாயில்லை. ஆனால் உள்ளே துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எந்தப் பாத்திரமானாலும் உள்ளே ஒரு தடித்த பாலித்தீன் பை போட்டு, அதில் மெழுகைக் கொட்டி, வாயை முறுக்கிக் கட்டுங்கள்.

பித்தளை, செம்புப் பாத்திரங்களைத் தவிருங்கள். வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று பாட்டி காலத்து அண்டாவை எடுக்கத் தோன்றும். தேன்மெழுகிலும், வர்த்தியைக் கெட்டியாக்கச் சேர்க்கும் ஸ்டியரிக் அமிலத்திலும் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் செம்போடு சேர்ந்து பச்சை நிறமாகிவிடும். இரும்பு பட்டால் தேன்மெழுகு கறுக்கும். எவர்சில்வரும் அலுமினியமும் பயமில்லை.

பாரஃபின் பலகைகளை அடுக்கும்போது நடுநடுவே பட்டர் பேப்பர் போடுங்கள். பலகை உருகும் சூட்டுக்கு வெகு முன்பே, மேலிருக்கும் பாரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நியூஸ் பேப்பர் கூடாது. அச்சு மை மெழுகில் இறங்கும், நாரும் ஒட்டும். நாலைந்து பலகைக்கு மேல் உயரமாக அடுக்காதீர்கள்.

பெட்டி வந்த அன்றே

வெயிலில் லாரியில் வந்த பெட்டியை உடனே பிரிக்காதீர்கள். ஒரு நாள் அறையில் வைத்து ஆறவிடுங்கள். இளகிய நிலையில் கொட்டினால் செதில்கள் டிரம்முக்குள் அமுங்கிக் கட்டியாகும். மழையில் நனைந்து வந்த பெட்டி என்றால் நேர்மாறு. அப்போதே பிரித்து, ஈர அட்டையைக் களைந்து, மெழுகைச் சுத்தமான துணியில் பரப்பி ஃபேன் காற்றில் உலர்த்துங்கள்.

கொட்டும் முன் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். நல்ல பாரஃபினுக்கு வாசனையே இருக்காது. மண்ணெண்ணெய் நெடி அடித்தால் சுத்திகரிப்பு சரியில்லை என்று அர்த்தம். திருப்பிக் கொடுக்க அதுதான் நேரம்.

அப்புறம் லேபிள். வாங்கிய தேதி, மெழுகின் வகை, உருகும் டிகிரி, பெட்டியில் அச்சடித்த பேட்ச் எண். இந்த நான்கும் மாஸ்கிங் டேப்பில் மார்க்கரால் எழுதி, டப்பாவின் உடம்பில் ஒட்டுங்கள். மூடியில் ஒட்டினால், ஒரே மாதிரி இரண்டு டப்பா இருக்கும் வீட்டில் மூடி மாறிய அன்றைக்கே லேபிளும் பொய்யாகிவிடும். ஒரு பேட்சில் செய்த வர்த்தி சரியாக எரியவில்லை என்றால், எந்த மெழுகு என்று தேடிப் போக அந்த எண் ஒன்றுதான் வழி. குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் ‘சாப்பிடக் கூடாது’ என்று பெரிதாக எழுதுங்கள். சோயாச் செதில் அவல் போல இருக்கும். வாசனை சேர்த்து ஊற்றிய மிச்சத் துண்டு தேங்காய் பர்ஃபிதான் என்று பெரியவர்களே நினைப்பார்கள். சமையலறை அலமாரியில் வைக்காமல் இருப்பதே நல்லது.

பழையது முதலில், புதியது பிறகு. மிச்சமிருக்கும் பழைய மெழுகின் மேலேயே புதுப் பெட்டியைக் கொட்டினால், அடியில் கிடப்பது மூன்று வருடமானாலும் அடியிலேயே கிடக்கும்.

வாசனை ஏறும், கவனம்

எண்ணெய்த் தன்மை உள்ள எதுவும் பக்கத்து வாசனையைப் பிடித்துக்கொள்ளும். துணி பீரோவில் அந்துருண்டையோடு ஒரு மாதம் இருந்த மெழுகில் மல்லிகை ஊற்றினாலும், கொளுத்தும்போது பீரோ வாசனைதான் முன்னால் வரும். கற்பூரமும் அப்படியே. திடமாக இருக்கும்போதே ஆவியாகிக்கொண்டே இருப்பது அது. பூஜை சாமான்கள் வைக்கும் அலமாரியில் மெழுகு வேண்டாம். பெருங்காயம், கருவாடு, மண்ணெண்ணெய் கேன், கொசுவர்த்திப் பெட்டி எல்லாமே தள்ளி இருக்கட்டும்.

வாசனை எண்ணெய்களை மெழுகு இருக்கும் டப்பாவுக்குள்ளேயே போட்டு வைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. மூடி இறுக்கமாக இருந்தாலும் கொஞ்சம் கசிந்துகொண்டேதான் இருக்கும். அவற்றைத் தனியாக, பழுப்புக் கண்ணாடி பாட்டிலில், நிமிர்த்தி, இருட்டில் வையுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலைச் சில வாசனை எண்ணெய்கள் நாளடைவில் அரித்துவிடும். சாயத் துண்டுகளை ஒவ்வொரு நிறமாக அலுமினியத் தாளில் சுற்றித் தனி டப்பாவில் போடுங்கள். வெள்ளை மெழுகில் சிவப்புச் சாயம் கடுகளவு விழுந்தாலும் மொத்தப் பாத்திரமும் ரோஸ் நிறமாகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்

வடகிழக்குப் பருவமழை நேரத்தில் வெப்பம் பிரச்சினை இல்லை, ஈரம்தான். அந்த நேரத்தில்தான் கார்த்திகை விளக்கும் கிறிஸ்துமஸும் வருகின்றன, வேலையும் குவிகிறது. டப்பாவைத் தேவையில்லாமல் திறந்து வைக்காதீர்கள். அளந்து எடுத்ததும் மூடுங்கள். எடுக்கும் கரண்டியும் கையும் உலர்ந்திருக்கட்டும். மெழுகைவிட இந்த மாதங்களில் அடிபடுவது திரிதான். பருத்தி காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். திரிகளை ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். மெழுகில் முக்கி எடுத்த திரியாக இருந்தால் கவலை குறைவு.

எப்போது எவ்வளவு வாங்குவது என்பதும் சேமிப்பில் ஒரு பகுதிதான். 160 கிராம் மெழுகு பிடிக்கும் குவளை என்றால், சிந்தல் போக 25 கிலோ பெட்டியில் 150 வரும். உங்களுக்கு மாதம் 30 போகிறது என்றால் அது ஐந்து மாதச் சரக்கு. பிப்ரவரியில் வாங்கினால் முழுக் கோடையும் அது உங்கள் வீட்டில் கிடந்து வேகும். நான் இப்போது பிப்ரவரி வந்துவிட்டால் சோயாவை முழுப் பெட்டியாக வாங்குவதில்லை. ஏப்ரல், மே தேவைக்கு ஐந்து ஐந்து கிலோவாக எடுக்கிறேன். விலை கொஞ்சம் கூடத்தான். கிறிஸ்துமஸ் சரக்கைச் செப்டம்பர் கடைசியில், மழை தொடங்கும் முன் இறக்கிவிடுகிறேன்.

பாத்திரத்தில் மிஞ்சியது

உருக்கிய மெழுகைப் பாத்திரத்திலேயே உறையவிட்டு, மறுநாள் மேலே புதிதாகப் போட்டு உருக்குவது சுலபம்தான். நாலைந்து தடவை அப்படிச் செய்தால் எந்த வாசனை, எவ்வளவு சாயம் என்று யாருக்கும் தெரியாது. பட்டர் பேப்பர் விரித்த தட்டிலோ, சிலிகான் அச்சிலோ ஊற்றி உறைய வையுங்கள். வாசனை சேர்த்தது, சேர்க்காதது இரண்டும் தனித்தனிப் பைகளில். பெயரும் தேதியும் எழுதுங்கள். சிங்க்கில் ஒரு சொட்டுக்கூட ஊற்றாதீர்கள். வெந்நீரோடு ஊற்றினால் போய்விடும் என்பார்கள். குழாயில் நாலடி போனதும் வெந்நீர் ஆறும், மெழுகு அங்கேயே உறைந்து அடைக்கும்.

தீ பற்றி

கட்டி மெழுகு தீக்குச்சி பட்டவுடன் பற்றிக்கொள்ளாது. ஆனால் வேறெதனாலோ தீ வந்தால், உருகி ஓடி அதற்கு எண்ணெயாகும். அதனால் கேஸ் சிலிண்டர், இன்வெர்ட்டர் பேட்டரி, சுவிட்ச் போர்டு, சாமி விளக்கு ஆகியவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள். அடுக்குமாடி வீடு என்றால் படிக்கட்டிலும் வேண்டாம். அவசரத்தில் எல்லோரும் ஓட வேண்டிய வழி அது.

உருக்கும்போது நேரடித் தீ வேண்டாம், வெந்நீரில் இறக்கிய பாத்திரத்தில் உருக்குங்கள். தண்ணீர் வற்றாத வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மெழுகு எளிதில் தீப்பிடிக்கும் நிலை அதற்கு வெகு மேலே இருக்கிறது. அப்படியும் பாத்திரத்தில் தீ பிடித்தால் அடுப்பை அணைத்து, மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றிய தண்ணீர் அடியில் இறங்கி, அந்த நொடியே சுமார் 1,700 மடங்கு ஆவியாக விரிந்து, எரியும் மெழுகை அறை முழுக்க வாரி இறைக்கும். ஒரு வாளி உலர்ந்த மணலும், ஏபிசி வகைப் பவுடர் தீயணைப்பானும் வேலை செய்யும் அறையின் வாசல் பக்கம் இருக்கட்டும். அடுப்புக்குப் பின்னால் மாட்டினால் தேவைப்படும்போது எடுக்க முடியாது.

நாள்பட்ட மெழுகைச் சோதிப்பது

கட்டியாகிவிட்டது என்பதற்காகத் தூக்கி எறியாதீர்கள். முதலில் முகருங்கள். பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தால் அதை விற்கும் வர்த்திக்குப் பயன்படுத்த வேண்டாம். வாடை இல்லை என்றால், மேலிருந்து கொஞ்சம், அடியிலிருந்து கொஞ்சம் என்று 100 கிராம் எடுத்து, சூடு தாங்கும் கண்ணாடிக் குவளையில் போட்டு, வெந்நீரில் வைத்து உருக்குங்கள். 75–80 டிகிரி வரை போய் முழுக்க உருகிவிட்டால், வெயிலில் இளகி உறைந்த பழைய கோளாறெல்லாம் தீர்ந்துவிடும்.

உருகியதும் குவளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நல்ல மெழுகு நல்லெண்ணெய் மாதிரித் தெளிவாக நிற்கும். தண்ணீர் இருந்தால் குவளையின் அடியில் முத்து முத்தாக உருளும், ஏனென்றால் மெழுகு தண்ணீரைவிட லேசு. மண், துரு, தூசியும் அடியில்தான் படியும். இவை இருந்தால் மெழுகைக் கலக்காமல் அசையாமல் ஆறவிட்டு, முழுக்க உறைந்ததும் கவிழ்த்து எடுங்கள். ஈரத்தைத் துடைத்து, அழுக்குப் படிந்த அடிப்பகுதியைக் கத்தியால் சுரண்டிவிட்டால் மேலே இருப்பது சுத்தம். நார் மிதந்தால் மட்டும், சூடாக இருக்கும்போதே மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டுங்கள்.

கடைசியாக அந்த 100 கிராமில் வாசனையும் சாயமும் இல்லாமல், வழக்கமான திரியோடு ஒரு வர்த்தி ஊற்றுங்கள். பாரஃபின் என்றால் மறுநாள், சோயா என்றால் ஒரு வாரம் கழித்துக் கொளுத்துங்கள். ஃபேனை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் பக்கத்தில் இருந்து பாருங்கள். படபடப்பு இல்லாமல், சுடர் ஒரே உயரத்தில் நின்றால் அந்த டப்பாவின் லேபிளில் அன்றைய தேதியைப் போட்டு ‘சரி’ என்று எழுதி, முன்வரிசைக்கு நகர்த்துங்கள்.